காலி இடத்து உண்டியல்

பெயர்: வேல்விழி. வயது: 44. கணவர் பெயர்: மதிவாணன். தொழில்: பீங்கான் கம்பெனியில் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் வேலை. விலாசம்: சூளைமேட்டுத் தெரு, விருத்தாசலம்.

நான் கல்யாணமாகி வந்த நாள் முதல் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். எங்கள் தெருவில் பச்சைவாழியம்மன் கோயில், அதையடுத்து அந்தோணியார் கோயில், அதையடுத்து தர்கா என்று மூன்றும் ஒரே வரிசையில் இருக்கின்றன. மூன்றுக்கும் முன்சுவர் ஒன்றுதான். சூளை வேலைக்கு வந்த பழைய ஆட்கள் சேர்ந்து கட்டியது.

லாரி போவதற்கு ரோட்டை அகலமாக்குவதாகச் சொல்லி ஒப்பந்தக்காரரின் ஆட்கள் போன வருடம் அந்தச் சுவரில் சிவப்புக் கோடு போட்டார்கள். எதிர்ப்பக்கம் ஒப்பந்தக்காரருடைய மச்சானின் கிடங்கு இருக்கிறது. அங்கே ஒரு கோடும் இல்லை. அதன் பிறகு நாங்கள் தெருவே திரண்டு போய் மனு கொடுத்தோம், உண்ணாவிரதம் இருந்தோம். ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி அறிவழகன் என்பவரிடம் கேட்டதற்கு, "ரோட்டு பிளான் படத்துல கோயிலும் இல்ல, தர்காவும் இல்லம்மா. காலி இடம்னுதான் போட்டிருக்குது" என்றார்.

அதன் பிறகு கம்பெனியில் வேலை செய்யும் நாங்கள், கண் தெரியாதவர்களுக்கும் தெரியட்டும் என்று, மூன்று இடத்தின் பெயரையும் பீங்கான் பலகையில் எழுதிச் சூளையில் சுட்டு அந்தச் சுவரில் பதித்தோம். தர்காவைப் பார்த்துக்கொள்ளும் சம்சுதீன் பாய்தான் சிமெண்ட் குழைத்துக் கொடுத்தார். மறுவாரமே மூன்று பலகையையும் யாரோ கடப்பாரையால் பெயர்த்துச் சாக்கடையில் போட்டிருந்தார்கள். அதற்கு நாங்கள் கொடுத்த புகாரை இதே ஸ்டேஷனில் யாரும் வாங்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அதன் பிறகு சம்பவத்தன்று காலை சுவரை இடிக்க ஜேசிபி வந்தது. அதன் டிரைவர் திருமால் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அம்மன் வாசலில் கற்பூரம் ஏற்றி விழுந்து கும்பிட்டார். நான் அறிவழகனைப் பார்த்து, "காலி இடத்துக்கு எதுக்குங்க கற்பூரம்?" என்று கேட்டேன். டிரைவர், "பாவம் புடிச்சிக்கும்ல, அதான்க்கா" என்றார். சாவி வண்டியிலேயே இருந்தது. அவர் மறுபடி கும்பிடக் குனிந்ததும் நான் ஏறிச் சாவியை எடுத்துக்கொண்டேன். அறிவழகன் என்னைப் பிடிக்க ஓடி வந்தார். அந்தோணியார் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பிலோமினா அக்கா குறுக்கே நின்றார், அவ்வளவுதான். கையை நீட்டிக்கூடத் தடுக்கவில்லை. அக்கா மேல் வழக்குப் போட்டது அநியாயம். அதன் பிறகு நான் கோயிலுக்குள் போய்ச் சாவியை அம்மன் உண்டியலில் போட்டேன்.

கோபத்தில் தெரியாமல் செய்துவிட்டதாகச் சொல்லும்படி எனக்கு இங்கே யோசனை சொன்னார்கள். தெரிந்துதான் செய்தேன். உண்டியலில் விழுந்தது அம்மனுக்கு. அறநிலையத் துறை அதிகாரி வந்து பூட்டில் வைத்த சீலை உடைத்துத்தான் திறக்க வேண்டும். வருடா வருடம் வந்து திறந்து, எண்ணி, மறுபடி சீல் வைத்துவிட்டுப் போகிறார். ஒருமுறை காசு போடும்போது கையிலிருந்து கழன்று உண்டியலில் விழுந்த என் மோதிரத்தையே அவர் எனக்குத் திருப்பித் தரவில்லை. எண்ண வரும்போது இருக்கிற கோயில் இடிக்க வரும்போது மட்டும் எங்கே போகிறது?

சாவியை எப்போது தருவாய் என்று சப்-இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார். அது என் கையில் இல்லை. பூட்டை உடைத்தால் அது கோயில் உண்டியலை உடைத்த குற்றம். அதிகாரியை வரச் சொல்லுங்கள். சம்சுதீன் பாயும் பிலோமினா அக்காவும் சாட்சிக்கு நிற்பார்கள். அதிகாரி முறைப்படி திறந்து சாவியை எடுத்து, எந்த இடத்தில் கிடைத்தது என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அதில் எனக்கு ஒரு நகல் தந்தால், சாவியை எடுத்தது நான்தான் என்று எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன்.

நான் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருப்பதாகப் படிக்கக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இதில் பொய் எதுவும் இல்லை. ஓரிடத்தில் மட்டும் "கோயில் என்று கூறப்படும் இடம்" என்று எழுதியிருந்தது. அதை அடித்து "கோயில்" என்று திருத்திய பிறகே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ம. வேல்விழி