பெரட்டுக் களத்து வழி

— தபால்ல போட கடைக்குக் கொண்டாந்துட்டு, ஒட்டின கடுதாசியப் பிரிக்கச் சொல்றீங்களே, வீரய்யா கங்காணியாரே. யாருக்குப் போறது?

— தங்கச்சி புருசன் சோலைமலைக்கு. கினிகத்தேனையில ரோட்டு வேல செய்யிறான். நான் சொன்னேன், அவன் மக எழுதுனா. எனக்குத்தான் எழுத்து தெரியாதே. வேற என்னத்தையாவது எழுதி வச்சிருந்தா? வாசிங்க, நூர்தீன் நானா.

— ஸ்ட்ரைக்குல முன்னுக்கு நின்டு தோட்டத்த விட்டு வெரட்டுப்பட்டாரே, அவர்ட மகளா? மூணு மாசமா ஒங்கட வீட்டுல இரிக்கிற நாகலெட்சுமி?

— அவதான். அதுக்கு முன்ன அந்தப் புள்ள மொகத்தையே பார்த்ததில்ல. தங்கச்சி எம் பேச்ச மீறி அவனக் கட்டிக்கிட்டுப் போனவ. அவ செத்ததுக்கும் நான் போகல.

— சரி, கேளுங்க. "சோலைமலைக்கு வீரய்யா கங்காணி எழுதுவது. உன் மகளை இனி வைத்துக்கொள்ள முடியாது. பொங்கலுக்கு முன் வந்து கூட்டிப் போ."

— சரியா இருக்கு.

— "அவள் வயிற்றுக்கு மிஞ்சித் தின்கிறாள்." அல்லாவே! இதையும் அந்தப் புள்ளைய வச்சே எழுதினீங்களா?

— ஒரு காரணம் சொல்லணுமில்ல.

— மெய்யாவே அவ்வளவு தின்னுதா?

— எங்க நானா! ஒரு ரொட்டி வச்சா பாதிய அத்த பக்கம் தள்ளிருவா. பக்கத்து வீட்டுக் காம்பராவுல தோசை குடுத்தா, "இப்பதாங்க மாமா வீட்டுல வயிறு நெறையச் சாப்பிட்டேன்"னு வந்துருவா.

— பொறகு ஏன் அனுப்புறீங்க?

— காலையில எல்லாரும் கூடுற பெரட்டுக் களத்துல வச்சு, எங்களுக்கு மேல வேல பாக்குற கண்டாக்கையா கேக்குறாரு, "ஸ்ட்ரைக்காரன் மகளுக்கா கங்காணி வீட்டுல சோறு?"ன்னு. அத்தன பேரும் சிரிச்சாங்க. எங்கப்பா காலத்துலருந்து அந்தக் களத்துல தல குனியாத குடும்பம் நானா, எங்க குடும்பம்.

— ம்... சொன்னத ஒரு எழுத்து விடாம எழுதியிரிக்கி.

— விடலையா? அழுவான்னு பார்த்தேன். "தின்கிறாள்னு போடவா, சாப்பிடுகிறாள்னு போடவா மாமா"ன்னு கேட்டா.

— கீழ இன்னும் ரெண்டு மூணு வரி இரிக்கி. அதுவும் நீங்க சொன்னதா?

— நான் நெனச்சேன்! என்னய வைஞ்சிருக்காளா? வாசிங்க.

— "அப்பா, பெரட்டுக் களத்து வழியாக வராதீர்கள். உங்கள் கிழிந்த சட்டையைப் பார்த்தால் மாமாவைப் பார்த்துத்தான் எல்லாரும் சிரிப்பார்கள். கொட்டகலை ஸ்டேசனிலேயே நில்லுங்கள். நானே இறங்கி வருகிறேன்."

— ஒம்பது வயசு நானா, அவளுக்கு.

— தெரியும்.

— இத்தன வயசுக்கு நான்கூட எங்க குடும்ப மானத்த இப்புடிக் காத்ததில்ல.

— தபால் போற நேரம். ஒட்டித் தரவா?

— கிழிங்க. பேனாவ எடுங்க. மகளக் கூட்டிக்கிட்டுப் போக வரவேணாம்னு எழுதுங்க. அவ என் வீட்டுப் புள்ள, பொங்கலுக்கு வந்து பார்த்துட்டுப் போகச் சொல்லுங்க.

— சரி. ஸ்டேசன்ல நிக்கச் சொல்லவா?

— வேணாம். காலையில பெரட்டு நேரத்துக்கு, பெரட்டுக் களத்து வழியா, அந்தச் சட்டையோடயே வரச் சொல்லுங்க. அத்தன பேருக்கு முன்னாடி அவன் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வர, கண்டாக்கையா பக்கத்துல நான் நிப்பேன்.