லாண்ட்மாஸ்டர் சத்தத்தில் ஒரு விமானம்

நெடுங்கேணி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு இளம்பெண்கள். மடிக்கணினியை மடியில் வைத்திருந்தவள் சொன்னாள்:

“என்ர பிளேனுக்கு மாமாவின்ர லாண்ட்மாஸ்டர் சத்தத்தைத்தான் போட்டிருக்கிறன்.”

வீட்டில் இருந்தபடியே கணினியில் விமானம் ஓட்டுகிறவர்களுக்காக, அந்தக் காலத்து இரண்டு இருக்கை விமானம் ஒன்றை அவள் அச்சு அசலாகச் செய்கிறாளாம்.

“வயல் உழுகிற அந்த லாண்ட்மாஸ்டர் மெசினோ?” சிநேகிதி சிரித்தாள்.

“ஓம். நேற்று அறைக்குள்ள பிளேனை ஸ்டார்ட் பண்ணினன். ஆரோ உழவுக்கு வந்திருக்கினம் எண்டு அம்மா தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வயலுக்குப் போயிட்டா.”

“ஐயோ! வாங்கிற ஆக்கள் உன்னை ஏசப்போகினம். உண்மையான பிளேன் சத்தத்தைப் போடன்.”

“அவைக்கு அதைத்தான் குடுப்பன். அதுவும் எடுத்து வைச்சிருக்கிறன். வீட்டில மட்டும்தான் இது.”

“ஏனடி?”

“முதல்நாள் அந்தச் சத்தத்தைப் போட, அம்மா அடுப்பில சோத்தை விட்டிட்டு, சண்டைக்காலத்தில குண்டுக்குப் பயந்து ஒளிக்கிற பங்கர் இருந்த பக்கம் ஓடினவா. அதை மூடி, மேல தென்னையும் வைச்சு, அது இப்ப காய்க்குது.”

சிநேகிதி அவள் மடியில் இருந்த கணினியைப் பார்த்தாள்.

“இதெண்டால் தேத்தண்ணியாவது கிடைக்குது” என்றாள் இவள்.