கடைசிப் பெட்டி மட்டும்

பெரியோர்களே, தோழிகளே... கண்காட்சி அறையைத் திறப்பதற்கு முன் ஒரு குட்டிக் கதை சொல்லிவிடுகிறேன், கேளுங்கள்.

போன வருடம் எங்கள் வகுப்பு ஜெசிந்தா கண்காட்சிக்காக ரயில் செய்தாள். கடையில் வாங்கிய சாமான் ஒன்றுகூடக் கிடையாது. அவள் வீட்டில் தினமும் இதே சத்தம்தான்.

"ஏண்டி, பேஸ்ட் இன்னும் தீரவே இல்ல, அட்டைப்பெட்டி எங்கடி?"

"ரயிலுக்கு எடுத்துட்டேம்மா."

"அப்பா சட்டையில இருந்த பொத்தான்?"

"சக்கரத்துக்கும்மா... பழைய சட்டைதான்!"

"விட்டா என்னையும் சேத்து ஒட்டிடுவ!"

விளக்குமாற்றுக் குச்சியில் கைப்பிடிக் கம்பி. மாத்திரை அட்டையில் ஜன்னல். அம்மாவின் ரவிக்கைத் துணியில் நகமளவு பச்சைக்கொடி. ஆனால்... இஞ்சின்? இல்லை. அவள் செய்தது ஒரே ஒரு பெட்டி. சரக்கு ரயிலின் கடைசியில் கார்டு நின்றுகொண்டு வருவாரே, அந்தப் பெட்டி மட்டும்!

நடுவர் சிரித்தார். "என்னம்மா, இஞ்சின் இல்லாம எப்படி ஓடும்? அட்டை தீந்துபோச்சா?"

"எங்கப்பா சரக்கு ரயில் கார்டு சார். எனக்கு ரயில்னா கடைசிப் பெட்டிதான் சார்."

அன்று வந்து பார்ப்பதாக அப்பா சொல்லியிருந்தார். வந்தாரா? காலையில் போன்தான் வந்தது. "டூட்டி போட்டுட்டாங்கடா கண்ணு. மத்தியானம் உங்க ஸ்கூல் பக்கத்து ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் போவேன். ஆனா... வண்டி நிக்காது."

மத்தியானம் ரயில் கூவியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நாங்களும் பின்னால் ஓடினோம். இஞ்சின் போனது... அவள் பார்க்கவில்லை. நிலக்கரி... நிலக்கரி... இன்னும் நிலக்கரி... கடைசியில் அந்தப் பெட்டி! கேட்கீப்பருக்குப் பச்சைக்கொடி காட்டியபடி அவள் அப்பா!

அட்டைப்பெட்டியைத் தலைக்கு மேலே உயர்த்தினாள். "அப்பா! இதோ பாருங்க, உங்க பெட்டி!"

அந்த இரைச்சலில் கேட்டிருக்குமா? தெரியாது. ஆனால் கேட்டைத் தாண்டிவிட்டால் கொடியை இறக்கிவிடலாம். அவர் இறக்கினாரா? இல்லை! வளைவில் மறையும்வரை... ஆட்டிக்கொண்டே போனார்.

பரிசு வேறொரு ரயிலுக்குப் போனது. அதற்கு இஞ்சின் இருந்தது.

அன்பானவர்களே! இப்போது உள்ளே போகப்போகிறீர்கள். அட்டையும் பொத்தானும் பசையுமாக எத்தனையோ பொருட்களைப் பார்ப்பீர்கள். "இதில் அது இல்லையே, இது இல்லையே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். "இதை யாரை நினைத்துக்கொண்டு செய்தாய்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஜெசிந்தா இந்த வருடமும் அதே பெட்டியைத்தான் வைத்திருக்கிறாள். ஜன்னலோர மேசையில்... தண்டவாளத்தைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறாள்.