ஆதிப்பாட்டன் பை

மொரப்பூரில் சேலம் வண்டி இருபத்திரண்டு நிமிடம் தாமதம். பெஞ்சில் என் பக்கத்தில், வயிற்றைப் பிடித்தபடி ஒரு சித்தேரி மலைக்காரர், அவர் மனைவி. வீடு திரும்பலாம் என்று அவர் சொன்னது அது நான்காவது முறை.

“குடல்வாலு வெடிச்சா உசுரு போயிடும், சேலம் ஆசுபத்திரியில அறுத்து எடுத்துடணும்னாரே டாக்டரு!”

“சாமி வெச்சத அறுக்கலாமா புள்ள?”

“மரத்துல குந்தித் தழை தின்ன ஆதிப்பாட்டனுக்குத்தான் அது வேணுமாம். நமக்குச் சும்மா கெடக்குதாம்.”

“எம் பாட்டன் களிதான் தின்னாரு.”

“அவருக்கும் முந்தின பாட்டனுங்க. முசலு அறுக்கறப்ப பாத்ததில்லீங்களா? தழை தின்னுற வவுத்துல எத்தாப் பெரிய பை!”

“ஆமா, பெருசுதான். நமக்கு?”

“சுண்டுவெரலு அளவாம்.”

அவர் தன் சுண்டுவிரலை வெகுநேரம் பார்த்தார். வண்டி வந்தது. ஏழு அடி நடந்து நின்றுவிட்டார்.

“அப்ப அது பாட்டனோடது. அறுத்ததும் கேட்டு வாங்கு. மலையில அவங்களப் பொதைச்ச எடத்துலயே பொதைக்கணும்.”

“முந்தானையில முடிஞ்சு எடுத்தாறேன். ஏறுங்க.”

ஏறினார்.