குதிரைக் காதுல ஒரு ஈ

…பழசுன்னு மட்டும் சொல்லாதீங்க தம்பி. பழசுன்னா அந்தா, பனிச்சறுக்கு பூட்ஸ் கெடக்கு பாருங்க, அது பழசு. அந்த வாஃபிள் மெஷின் பழசு. இது பழசு இல்ல, இது தோத்துப் போச்சு. ரெண்டும் வேற வேற. தூக்கிப் பாருங்க, பரவால்ல. கைப்புத்தகம்கூட பிளாஸ்டிக் கவர் பிரிக்காம அப்படியே உள்ள இருக்கு. அவ்வளவு பத்திரமா வச்சிருந்த பொருளு. எங்க டுலூத் ஊருல வீட்டு வாசல்ல சாமான் பரப்பி விக்கிற கராஜ் சேலு எத்தனைக்கு வேணா போயிட்டு வாங்க, இந்த மாதிரி ஒண்ணு கெடைக்காது.

என்ன? சாதா டிவிடி பிளேயர்னு நெனச்சீங்களா? சரிதான். எச்டி டிவிடி, தம்பி. எச்டி. பேருலயே இருக்கு, என்ன வாங்குறோம்னு, துல்லியமான படம். போட்டிக்காரன் ப்ளூ-ரேன்னு வச்சானே, அந்தப் பேருல என்ன இருக்கு? ஒரு கலரு இருக்கு. கலர வச்சு என்ன பண்றது, சுவத்துக்கா அடிக்கப் போறோம்?

ரெண்டு கட்சி தம்பி. எங்களது செவப்பு டப்பா, அவங்களது நீல டப்பா. செவப்புல ஓடறது நீலத்துல ஓடாது, நீலத்துல ஓடறது செவப்புல ஓடாது. படக் கம்பெனிக்காரங்க பாதிப்பேரு இங்க, பாதிப்பேரு அங்க, சில பேரு ரெண்டு படகுலயும் காலு. ஊரு சனம் பூரா எது ஜெயிக்குதுன்னு பாத்துட்டு வாங்கிக்கலாம்னு கைய கட்டிக்கிட்டு நின்னுச்சு. நான் நிக்கல. எல்லாரும் கரையிலயே நின்னா ஆத்துல எறங்குறது யாரு?

…அந்த நாற்காலி விக்கத்தாம்மா! உக்காந்து பாருங்க! ஒரு காலு லேசா ஆடும், அவ்வளவுதான்… அதான் ஆடும்னு சொன்னேனே!

என்ன சொல்லிட்டிருந்தேன்… ஆங். சும்மா வாங்கல தம்பி. பத்திரிகை பத்திரிகையாப் படிச்சேன். இண்டர்நெட்ல இதுக்குன்னே ஒரு எடம் இருக்கு, ரெண்டு கட்சிக்காரங்களும் அங்க வந்து அடிச்சுக்குவாங்க. நானும் அடிச்சுக்கிட்டேன். யாருன்னே தெரியாது, மூஞ்சியே பாத்ததில்ல, ஆனா டென்வர்ல இருக்கிற ஒருத்தன் இன்னிக்கும் என் பேரக் கேட்டா எரிஞ்சு விழுவான். அப்புறம் நன்றித் திருநாளுக்கு மறுநாள், அந்தத் தள்ளுபடி நாளு, விடியக்காலம் கடை வாசல்ல போயி வரிசையில நின்னேன். கொட்டுற பனியில. மூக்கு இருக்கா போச்சான்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு. அப்படி வாங்கினது இது.

என் மச்சினன் டுவேன்… அவனப் பத்திப் பேசக்கூடாதுன்னுதான் இருக்கேன். ஆனா கேட்டுட்டீங்க. கேக்கலியா? சரி, சொல்றேன். அவன் ஒரு வரி படிக்கல தம்பி. ஒரு வரி! பசங்க வீடியோ கேம் கேட்டு அழுதுச்சுங்கன்னு ஒரு மெஷின் வாங்கினான். அதுக்குள்ள ப்ளூ-ரே இருந்துச்சு. கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாக்குள்ள பொம்மை இருக்குமே, அந்த மாதிரி. இவன் வாங்கவே இல்ல, அதுவா வந்துச்சு! அந்த மனுசன் எங்க வீட்டுக்கு வந்து என் சோபாவுல உக்காந்து, என் டிவியப் பாத்து, “என்ன வெர்ன், படம் கொஞ்சம் மங்கலா இருக்கு?”ன்னு கேக்குறான்.

மங்கலாம்.

நான் எவ்வளவு யோசிச்சு வாங்குவேன் தெரியுமா? எங்கிட்ட இருக்கிற டிஸ்க் எல்லாமே ரெண்டு பக்கம் உள்ளது. பாருங்க, எங்கயும் படம் ஒட்டியிருக்காது, ரெண்டு பக்கமும் பளபளன்னு இருக்கும். ஒரு பக்கம் எச்டி, இன்னொரு பக்கம் சாதா டிவிடி. கொஞ்சம் விலை ஜாஸ்திதான். ஆனா பெட்ரூம்ல மார்லிஸோட பழைய சாதா பிளேயர் இருக்கே, அவளும் பாக்கட்டும்னு அந்த மாதிரியேதான் வாங்குவேன், ஒத்தப் பக்கம் உள்ளத தொடவே மாட்டேன். மார்லிஸ் என் சம்சாரம். அந்தா, கேட் பக்கத்துல தானே சுட்ட லெமன் பார் வித்துக்கிட்டு உக்காந்திருக்கா, அவதான். எடுத்துக்கோங்க, நல்லா இருக்கும். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. பேசிக்கிறதில்ல. பேசிக்குவோம்… குப்பைய வெளிய வச்சாச்சா, கார் சாவி எங்கன்னு, அந்த அளவுக்குப் பேசிக்குவோம்.

எல்லாம் அந்த சூப்பர் பவுல் அன்னிக்கு வந்த வினை. வருஷா வருஷம் அந்த ஃபைனல் மேட்ச் பாக்க எல்லாரும் எங்க வீட்லதான். இருபது வருஷமா. பீன்ஸும் கறியும் போட்டு சில்லி நான் செய்வேன், சிப்ஸுக்குத் தொட்டுக்க டிப் அவ செய்வா, அவ சொந்தக்காரங்க மொத்தமும் வந்து தின்னுட்டுப் போவும். இந்த வருஷம் நானே சொன்னேன், டுவேன், உன் மெஷினத் தூக்கிட்டு வா. மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பரீட்சை வப்போம். ஒரே படம், செவப்புல ஒண்ணு நீலத்துல ஒண்ணு, ஒரே டிவி. எல்லாரும் பாக்கட்டும், எல்லாரும் ஓட்டுப் போடட்டும்.

இதுதான் படம். கௌபாய் படம். ஒரு எடம் வரும், கதாநாயகன் குதிரைய நிறுத்திட்டு பாலைவனத்தப் பாப்பான். குதிரைத் தலை பெருசா தெரியும். முதல்ல என்னோடது. அருமையா இருந்துச்சு. அப்புறம் அவனோடது. அதே எடம். உடனே அவன் சின்னப் பொண்ணு கத்துது, “குதிரைக் காதுல ஈ!”ன்னு.

ஈ.

நான் இந்தப் படத்த எத்தனையோ தடவை பாத்திருக்கேன் தம்பி. ஈ கெடையாது. என்னோடதுல இல்லாத ஈ அவனோடதுல எங்கேருந்து வரும்? நான் சொன்னேன், அது ப்ளூ-ரே கோளாறு, படத்த அளவுக்கு மீறி கூர்மையாக்கினா இந்த மாதிரி கரும்புள்ளி விழும், அதுக்கெல்லாம் டெக்னிக்கலா காரணம் இருக்குன்னேன். “வெர்ன், அந்தப் புள்ளி பறந்து போகுதே”ங்கிறான் டுவேன். பறக்கும். கோளாறு முத்திப் போனா பறக்கும்.

ஓட்டெடுத்தோம். அத்தன பேரும் அவன் பக்கம். நாய்க்கு மட்டும் ஓட்டில்ல. சரி, அவன் ஆளுங்க, அவனுக்குப் போடுவாங்க. ஆனா மார்லிஸ்… என் வீட்டுச் சோபாவுல, எம்பக்கத்துல உக்காந்துக்கிட்டு, மெதுவா கையத் தூக்குறா. நீலத்துக்கு. “எனக்கு ஈ தெரியுது வெர்ன்”ங்கிறா. அதோட விட்டாளா, “உங்க டிஸ்க்ல ரெண்டு பக்கம் இருக்கே, நீங்க எந்தப் பக்கம் போட்டீங்க?”ன்னு வேற ஒரு கேள்வி. எல்லார் முன்னாலயும்! ஒரு வருஷத்துக்கு மேலா இந்த மெஷின ஓட்டுறவன்கிட்ட! நீ போயி டிப் கொண்டான்னு சொல்லிட்டேன். அப்புறம்… இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லிட்டேன். கூடப்பொறந்த பாசம் கண்ண மறைக்குது, இத்தன வருஷம் குடும்பம் நடத்தியும் நீ அந்த வீட்டுப் பொண்ணுதான்னு. மேட்ச் பாக்காமலே டுவேன் கெளம்பிட்டான். சில்லி அத்தனையும் மிச்சம். ஒரு வாரம் நான் மட்டும் தின்னேன்.

அதே மாசம் எங்க செவப்புக் கட்சி கம்பெனிக்காரனும் கடைய மூடிட்டான். இனிமே செய்ய மாட்டோம், தோத்துட்டோம்னு அறிக்கை விட்டுட்டான். டென்வர்காரன் எனக்கு ஒரு வரி எழுதினான். ஒரே வரி. அத விடுங்க.

அன்னிலேருந்து மார்லிஸ் படம் பாக்கிறது பெட்ரூம்ல, அந்தச் சின்ன டிவியில. நான் ஹால்ல. நான் பாத்து முடிச்ச டிஸ்க்க அவ எடுத்துட்டுப் போவா, செவுத்துக்கு அந்தப் பக்கம் அது ஓடற சத்தம் எனக்குக் கேக்கும். நான் சத்தத்தக் கூட்டுவேன். அவளும் கூட்டுவா.

சரி, வாங்குறீங்களா? ஓட்டிப் பாக்கணுமா? தாராளமா! அதுக்குத்தானே டிவியோட இங்க வயர் மாட்டி வச்சிருக்கேன். ஏமாத்து யாவாரம் நம்மகிட்ட கெடையாது. பாருங்க, டிஸ்க் போடறதுலயே ஒரு நெளிவு சுளிவு இருக்கு. நடு ஓட்டையச் சுத்தி பொடிசா எழுத்து இருக்கா? இந்தப் பக்கம் எச்டின்னு போட்டிருக்கு, அந்தப் பக்கம் டிவிடின்னு. இப்ப மெஷின் கீழேருந்துதான் படிக்கும். அப்ப எச்டின்னு எழுதின பக்கம் எங்க பாத்து இருக்கணும்? கீழ பாத்து. எல்லாருக்கும் இது தோணாது. நாமளாதான் யோசிக்கணும்.

இதோ வந்திருச்சு. குதிரை. எப்படி இருக்கு? மங்கலாவா இருக்கு? சொல்லுங்க. காதப் பாருங்க. ஈ இருக்கா? இல்லேல்ல? அதான்! இதத்தான் நான் அன்னிக்கு…

ஏன் தம்பி, எதுக்கு அத வெளிய எடுக்குறீங்க? அட, இருங்க… திருப்பிப் போடாதீங்க, அது சாதாப் பக்கம். எச்டிங்கிற எழுத்து மேல வரக்கூடாதுங்க. நான் இப்பத்தானே சொன்னேன்… என்னது? மேல என்ன எழுதியிருக்கோ அதுதான் ஓடுமா? யாரு சொன்னா? எல்லா ரெண்டு பக்க டிஸ்க்கும் அப்படித்தானா? போடுங்க. போடுங்க, நீங்களே பாத்துக்கோங்க. மங்கலாத்தான்…

…

இது வேற படம்.

இல்ல… குதிரைதான். அதே குதிரை. மயிரு ஒவ்வொண்ணும் தனித்தனியா… அவன் கன்னத்துல என்னது, வேர்வையா? இவனுக்கு வேர்த்திருக்கா? இத்தன நாளும் எனக்குத் தெரியவே இல்லியே.

அது என்ன… காதுல…

பறக்குது.

தம்பி. நான் இதுக்காகப் பனியில நின்னேன் தம்பி. ஊரெல்லாம் சண்ட போட்டேன். ஒரு நாள்கூட இதப் பாத்ததில்ல. ஒரே ஒரு நாள்கூட. அப்ப ஹால்ல நான் பாத்ததும் பெட்ரூம்ல அவ பாத்ததும்… ஒரே படந்தானா? ஒரே சாதா டிவிடிய ரெண்டு ரூம்ல உக்காந்து, ஒருத்தருக்கு ஒருத்தர் சத்தத்தக் கூட்டிக்கிட்டு… அட கடவுளே.

நீங்க இத யாருகிட்டயும்… தம்பி? எங்க ஆளக் காணோம்? ஏங்க! பிளேயர் வேணாமா? போயிட்டான். லெமன் பார் மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிருக்கான்.

மார்லிஸ்! …மார்லிஸ், கொஞ்சம் இங்க வா. இல்ல, கார் சாவி இல்ல. கேஷ் டப்பாவ அங்கயே வை, யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. வா, இதுல உக்காரு… இரு, இரு, அது காலு ஆடும், இதுல உக்காரு. பாரு. பேசாம பாரு. குதிரை வருதா? காதப் பாரு.

…ஆமா. ஈதான்.

ம்… எனக்கும் தெரியுது. நல்லாவே தெரியுது… ஆமா, நீ கேட்ட. எந்தப் பக்கம் போட்டீங்கன்னு கேட்ட, நான்தான் டிப் கொண்டான்னு சொன்னேன். அதுக்கப்புறம் சொன்னதும் நான்தான். அந்த வீட்டுப் பொண்ணுன்னு சொன்னது… அது தப்பு மார்லிஸ். உன் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு.

சிரிக்காத. சரி, சிரி.

இன்னொரு தடவை போடட்டுமா? முதல்லேருந்து? …இல்ல, விக்கலாம் அப்புறம், இப்ப என்ன அவசரம். எல்லாத்தையும் முதல்லேருந்து பாக்கணும். உள்ள வந்து பாக்கிறியா? ஹால்ல? …சரி, டுவேனையும் கூப்பிடு. ஞாயித்துக்கெழமை வரச்சொல்லு. நான் சில்லி பண்றேன். நீயே போன் போடு, நான் பேசினா சரியா வராது. என்ன சொல்றதுன்னா… ஈ இருக்குன்னு வெர்ன் ஒத்துக்கிட்டாருன்னு சொல்லு. அது போதும், அவனுக்குப் புரியும்.

மார்லிஸ்… எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லிடாத.