அக்காவோட சர்வர்

— முடியாதுன்னா முடியாதுடி. என் தங்கச்சி எழுதினதுங்கிறதுக்காக, இன்னும் சோதனையில இருக்கிற டெவலப்மென்ட் வெர்ஷனை நான் பார்த்துக்கிற ஆஸ்பத்திரி சர்வர்ல போட முடியுமா?

— எங்க டீம்ல எல்லார்கிட்டயும் மாசக்கணக்கா ஓடுது அக்கா. ஒரு தும்மல்கூட இல்ல.

— உன் லேப்டாப் நின்னா நீ டீ போட்டுக் குடிப்ப. இங்க நின்னா, பிரசவ வார்டு நர்ஸ் ரத்த ரிப்போர்ட்டுக்காக லேபுக்கும் வார்டுக்குமா மாடி ஏறி இறங்கணும். போன தடவை அந்தப் பொண்ணு மூச்சு வாங்கினதைக் கண்ணால பார்த்தவ நான்.

— அதுக்காகத்தானே எழுதினேன்? ஒரு சர்வர் படுத்தா இன்னொண்ணு உடனே வேலையை எடுத்துக்கும். சோதனை முடிஞ்சதுன்னு நீ ஓட்டுற ஸ்டேபிள் வெர்ஷன்ல அது கிடையாது. பழசைக் கட்டிக்கிட்டு அழு.

— பழசுதான். ஆனா அது எங்க மக்கர் பண்ணும்னு எனக்குத் தெரியும். உன்னோடது எங்க மக்கர் பண்ணும்னு உனக்கே தெரியாது.

— உனக்கு என்மேல நம்பிக்கை இல்ல, அவ்வளவுதான்.

— அடி போடி. உலகம் பூரா காசில்லாம எடுத்து ஓட்டுற சர்வர் சாஃப்ட்வேர்ல என் தங்கச்சி கை இருக்குன்னு, வாட்ச்மேன்ல இருந்து பெரிய டாக்டர் வரைக்கும் ஒருத்தரை விடாம சொல்லியிருக்கேன். டாக்டர் இப்பல்லாம் என்னைக் கண்டாலே வேற பக்கம் போறார். பெருமை வேற, சர்வர் வேற.

— அப்ப யார் சொன்னாத்தான் போடுவ?

— உங்க டீம்ல ஒருத்தர் எல்லாத்தையும் பார்த்துட்டு, இது ஸ்டேபிள்னு அறிவிப்பாரே, அவர் சொல்லட்டும். மறுநாளே போடுறேன். முகம் தெரியாத மனுஷன், அவர் வார்த்தையை நம்பித்தான் நான் வீட்டுல நிம்மதியா தூங்குறேன்.

— இன்னிக்கே சொல்லிட்டா?

— சொல்லட்டும். நீ எனக்கு ஒண்ணு சொல்லு. அந்த நர்ஸ் முன்னாடி நின்னு, இனிமே இது நிக்காதும்மான்னு உன்னால சொல்ல முடியுமா?

— முடியாது அக்கா. படுத்த சர்வர் திரும்ப எழுந்து, ரெண்டும் ஒரே நேரத்துல வேலை செஞ்சா ரிப்போர்ட்டெல்லாம் குழம்பிடுமான்னு நான் இன்னும் முழுசா பார்க்கல.

— இதை வாய் விட்டுச் சொன்ன பாரு, அங்கதான் நீ என் தங்கச்சி. போய்ப் பார்த்து முடி. அந்த மனுஷன்கிட்டயும் சொல்லிடு, அவசரப்பட்டு ஸ்டேபிள்னு அறிவிச்சிடப் போறார்.

— அவர் போன வாரமே விலகிட்டார் அக்கா. இப்ப அந்தப் பொறுப்பு என்னுது, இன்னிக்கு அறிவிக்கிறதாத்தான் இருந்தேன்.