மூன்று பத்தி

வீட்டில் பிள்ளைகளுக்கு முடி வெட்டிவிடுவது நான்தான், ஐயா. கத்தரிக்கோலைப் பிடித்தால் என் கை நடுங்காது. பத்திரிகையின் முதல் பக்கத்தை என்னிடம் விட்டதும் அதனால்தான்.

அந்த வாரம் இரண்டு மாவு ஆலைகள் மூடப்பட்டன. மாவு விலை மூன்று மடங்கானது. வெளியிலிருந்து கோதுமை வாங்க அரசுக்கு வக்கில்லை. அது ஊருக்கே தெரியும். அமைச்சகத்துச் செய்தி அதிகாரி வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

“ஆலை விஷயத்த உள்பக்கம் தள்ளுங்கண்ணே. அக்கரையார் மாவப் பதுக்குறாங்கன்னு முதல் பக்கத்துல அஞ்சு பத்தி அகலத்துக்குப் படத்தோட போடுங்க.”

அக்கரையார் என்றால் தாத்தா காலத்தில் ஆற்றைத் தாண்டி வந்தவர்கள். இன்னும் வந்தவர்களாகவே இருக்கிறார்கள்.

“அஞ்சா? ரெண்டு தர்றேன்.”

“என்னண்ணே, இது என்ன காய்கறிக் கடையா? நாலு.”

“மூணு. இஷ்டம்னா எடுத்துக்குங்க, இல்லன்னா கெளம்புங்க.”

மூன்றில் படிந்தது. அரசு விளம்பரம் நின்றால் எங்கள் நாற்பது பேர் வீட்டில் அடுப்பு எரியாது. அதையும் பார்க்கவேண்டும் அல்லவா?

படம் வேண்டும். இழுப்பறையில் எங்கள் தெரு மாவுக்கடைக்காரர் படம் ஒன்று இருந்தது. அக்கரையார்தான்; நல்ல மனிதர். மூன்று வருடம் முன்பு, வெள்ளத்தின்போது ஊருக்கு இலவசமாக மாவு அளந்தாரே, அப்போது எடுத்தது. இடப்பக்கம் மூட்டைகளுக்கு முன்னால் அவர் சிரிக்கிறார். வலப்பக்கம் ஈரத்துணியோடு மக்கள் வரிசை. வரிசை இருந்தால் அது தருமம், இல்லாவிட்டால் பதுக்கல். இரண்டு அங்குலம் வெட்டிக் கூடையில் போட்டேன். மேலே ‘மாவு எங்கே போனது?’ என்று ஒரு கேள்வி. அவர் பெயரைப் போடவில்லை. கேள்வியில் பொய் ஏது?

காலையில் பத்திரிகை தெருவுக்குப் போனது. மதியம் கடை எரிந்தது, மாடியிலிருந்த வீடும். கதவை வெளியே தாழிட்டிருந்தார்களாம். அவர் உள்ளே இருந்தார்.

நாலாம் நாள் அவருடைய மகள் அலுவலகத்துக்கு வந்தாள்.

“மாமா, வீட்டுல ஒரு படமும் மிஞ்சல. அப்பா படம் உங்ககிட்ட இருக்குன்னாங்க.”

எடுத்துக் கொடுத்தேன். நான் என்ன கல்நெஞ்சனா? வெட்டிய ஓரத்தை அவள் விரலால் தடவினாள். அங்கே மாவு அள்ளும் படியும், அதைப் பிடித்திருந்த ஒரு சின்னக் கையும் மட்டும் மிஞ்சியிருந்தன.

“இது என் கை. நான் எங்க, மாமா?”

“இடம் பத்தலம்மா.”

உண்மைதான், ஐயா. பேரத்தில் நான் கொஞ்சம் கெட்டி. அந்த அதிகாரி கேட்ட ஐந்து பத்தியையே கொடுத்திருக்கலாம். அவளும் படத்தில் இருந்திருப்பாள்.